அவள் குடித்த கஞ்சி

பாத்திமுத்துவுக்குக் கறி வாசம் ஆகாமல் போனது, இரண்டாவது தடவை கீமோ ஏற்றிவந்த வாரத்தில்தான். அதுவரை அவள் அப்படியில்லை. உக்கடத்துக் கறிக்கடைக்காரர் பஷீரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வாசத்திலேயே புழங்கியவள். ஈரலை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம்தான் கேட்டுப்போவார்கள். அன்று கடை அடைத்துவிட்டு பஷீர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், கட்டிலில் கிடந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. சித்த வெளிய நில்லுங்க. உங்க மேல அடிக்குது.”

பஷீர் வாசலிலேயே நின்றார். சட்டையைக் கழற்றிவிட்டு, எலுமிச்சம்பழத்தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். அப்போதும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே படுத்திருந்தாள். கறிக்குப் பிறகு முட்டை ஆகவில்லை. பிறகு பாலும் தயிரும் ஆகவில்லை. எல்லாமே கவிச்சியடிக்கிறது என்றாள்.

சினைப்பையில் கட்டி. முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு அறுவை செய்து எடுத்துவிடுவது என்பதுதான் பீளமேட்டு ஆஸ்பத்திரி டாக்டரின் திட்டம். கட்டி சுருங்கவும் செய்தது. ஆனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரத்தத்துல அல்புமின்ங்கற புரதம் ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. இந்த நெலமையில வயித்தத் தொறந்தா தையல் சேராது. மொதல்ல உடம்புல புரதம் ஏறட்டும். அப்புறம் தேதி குறிக்கலாம்.”

கறியை வெட்டியே காலம் தள்ளிய மனிதரின் மனைவிக்குப் புரதம் பத்தவில்லை. பஷீருக்கு அங்கேயே தலை குனிந்துபோனது. அவரை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பொற்கொடி என்ற அந்தச் சின்னப்பெண் பொறுமையாகப் பேசினாள்.

“கறி முட்டை ஆகலைன்னா விட்டுப்போடுங்கண்ணா, திணிக்காதீங்க. பயறு, கடலை, சோயா இதுலயே கொண்டுவரலாம். ஆனா கறியாட்ட ரெண்டு துண்டுல வேலை முடியாது. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி குடுத்துட்டே இருக்கோணும். பயறு மட்டும் குடுக்காம கூட அரிசியோ ராகியோ சேருங்க.”

அன்றே கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு பஷீர் அடுப்படிக்குள் நுழைந்தார். பெருநாளைக்குப் பிரியாணி தம் போடுவதைத் தவிர அடுப்பங்கரை வேலை எதுவும் அறியாதவர். முதலில் சோயா உருண்டையை வேகவைத்துக் கொடுத்தார். ஒரு வாய் மென்றவள் துப்பிவிட்டாள். “கறியாட்டவே மாட்டுதுங்க பல்லுல.” கொள்ளு ரசம் வாய்ப்புண்ணில் பட்டுக் கண்ணீர் வரவைத்தது. கடலையை அரைத்துக் கொடுத்தால் தொண்டையில் அப்பிக்கொண்டது. மகள் இல்மா, ஆபீஸ் முடிந்து வரும் வழியில் தேடிப்பிடித்து வாங்கிவந்த சோயா பன்னீரை, ரப்பர் என்று பாத்திமுத்து ஒதுக்கினாள்.

கடைசியில் கைகொடுத்தது பாசிப்பயறுதான். முளைகட்டிய பயற்றைக் காயவைத்து, வறுத்து, பச்சரிசியோடு மாவாக்கி, நிலக்கடலைப் பொடி கொஞ்சம் கலந்து, கட்டியில்லாமல் காய்ச்சி, துணியில் வடிகட்டி, சீரகம் போட்டு வெதுவெதுப்பாகக் கொடுத்தார். ஒரு வாய் விழுங்கிவிட்டு அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். குமட்டல் வருகிறதா என்று உள்ளுக்குள் காத்திருக்கிறாள் என்பது பஷீருக்குப் புரிந்தது.

“எறங்குதுங்க,” என்றாள். “இன்னொரு வாய் குடுங்க.”

பஷீர் டம்ளரை அவள் வாயில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள மறுபக்கம் திரும்பினார்.

அதன்பிறகு வீட்டில் எந்நேரமும் பயறு ஊறியது, முளைத்தது, காய்ந்தது. இல்மா தினமும் கைபேசியில் புரதக் கணக்குப் போட்டு அப்பாவிடம் சொல்வாள். “வேணுங்கறதுல பாதிதான் அத்தா போயிருக்குது. இன்னொரு டம்ளர் குடுத்துப் பாருங்க.” பாத்திமுத்துவும் சளைக்கவில்லை. வயிறு நிறைந்து மூச்சு முட்டும்போதும், “கொண்டாங்க, அதையும் குடிச்சுப்போடறேன்,” என்று கையை நீட்டுவாள். அடுத்த பரிசோதனையில் அல்புமின் இம்மி அளவு ஏறியிருந்தது. இதே மாதிரி தொடருங்கள் என்றார் டாக்டர். அன்று பஸ்ஸில் வரும்போது பாத்திமுத்து அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் அப்துல் வஹீது மேட்டுப்பாளையத்திலிருந்து பார்க்க வந்தார். தங்கையின் கன்ன எலும்பைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டியது. வெளியே வந்ததும் அந்த அழுகை கோபமாக மாறியது.

“என்ன மாப்ள இது? ஊரு பூரா உன்ற கடைக் கறியத் தின்னு தெம்பா நடக்குது. என்ற தங்கச்சிக்குப் பருப்புத் தண்ணியா?”

“வாசமே ஆக மாட்டேங்குது மச்சான். நான் என்ன பண்ணட்டும்?”

“அவகிட்டச் சொல்லிட்டா குடுக்கோணும்? எலும்பு சூப்பு ரெண்டு கரண்டி அந்தக் கஞ்சியிலயே கலந்துட்டா யாருக்குத் தெரியும்? மருந்தாட்ட நெனச்சுக் குடு.”

பஷீர் மாட்டேன் என்றுதான் சொல்லி அனுப்பினார். ஆனால் அடுத்த சில நாட்களில் பாத்திமுத்துவின் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. புரதம் குறைந்தால் இப்படி நீர் கோக்கும் என்று பொற்கொடி சொல்லியிருந்தாள். அந்தக் குழியைப் பார்த்ததும் மச்சானின் குரல் மறுபடி காதில் கேட்கத் தொடங்கியது. பயற்றை நம்பி இவளைக் கொன்றுவிடுவேனோ என்ற பயம் அவரைப் பிடித்து உலுக்கியது.

சூப்பைக் கடையில் வைத்தே காய்ச்சினார். மிதந்த கொழுப்பை வழித்தெடுத்து, திரும்பத் திரும்ப வடிகட்டினார். வீட்டில் கஞ்சியோடு இரண்டே கரண்டி கலந்து, சீரகத்தைத் தூக்கலாகப் போட்டார். மோந்து பார்த்தார். அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாத்திமுத்து வழக்கம்போல் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு டம்ளரை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே இறக்கி, உள்ளே பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“என்னங்க போட்டீங்க இதுல?”

“ஒண்ணுமில்ல பாத்து. சீரகம் கொஞ்சம் ஏறிப்போச்சு.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஓங்கரித்து வந்தது. கஞ்சி வந்தது, காலையில் குடித்தது வந்தது, பச்சை நிறத்தில் பித்தநீர் வந்தது. வருவதற்கு ஒன்றுமில்லாமல் போன பிறகும் குடல் முறுக்கி முறுக்கித் தூக்கியது. நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்த பஷீர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். உங்கண்ணன் சொன்னான், உன் காலு வீங்கிடுச்சு, பயந்துட்டேன் என்றார். அவள் திட்டவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் படுத்தாள்.

“அது ஒண்ணுதானுங்க எறங்கிட்டிருந்துது,” என்றாள்.

மறுநாள் வெறும் பயற்றில் புதிதாகக் கஞ்சி காய்ச்சினார். டம்ளர் கிட்டே வந்ததுமே அவள் உடம்பு உதறியது. அவளும் முயன்றாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு முயன்றாள். உடம்பு கேட்கவில்லை. ராகிக் கூழ், கொண்டைக்கடலை வெந்த தண்ணீர், துவரம்பருப்புத் தெளிவு என்று பஷீர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். போனவை எல்லாம் திரும்பி வந்தன.

அடுத்த பரிசோதனையில் அல்புமின் முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தது. வயிற்றில் நீர் சேர்ந்திருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பஷீரையும் இல்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நோய் ஈரல்வரை பரவிவிட்டது, இனி அறுவை கிடையாது, மருந்தையும் இந்த உடம்பு தாங்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம், சில வாரங்கள்தான் என்றார்.

“நாந்தானுங்க டாக்டர். அன்னைக்குக் கஞ்சியில சூப்பு கலந்துபோட்டேன். அதுக்கப்புறந்தான் எதுவும் எறங்கல.”

“அதனால இல்லீங்க. நல்லாச் சாப்ட்டிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். நோய்தான் சத்தை உறிஞ்சிருது.”

டாக்டர் இதையே இன்னொரு முறையும் சொன்னார். இல்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஷீர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த அப்துல் வஹீது, செய்தியைக் கேட்டதும் நெற்றியில் அறைந்துகொண்டார். “பருப்பக் குடுத்தே முடிச்சுட்டியே மாப்ள,” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். பயற்றுக்கா சூப்புக்கா என்று தெரியாவிட்டாலும் அந்த வசவு தனக்கு உரியதுதான் என்று பஷீர் வாங்கிக்கொண்டார்.

இல்மா லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்தாள். எதைக் கொடுத்தாலும் பாத்திமுத்து முதலில் மகள் முகத்தைத்தான் பார்ப்பாள். இல்மா ஒரு வாய் குடித்துக் காட்டி, “வெறும் அரிசித் தண்ணிதாம்மா,” என்ற பிறகே உதட்டைப் பிரிப்பாள். இதைப் பார்க்க முடியாமல் பஷீர் அந்த நேரங்களில் தெருவுக்குப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் இல்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பாத்திமுத்து தாகமென்று சைகை காட்டினாள். பஷீர் ஓடிப்போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுவந்து, அவள் தலையை லேசாகத் தூக்கி, டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். அவள் வாய் திறக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

“தண்ணிதானுங்களே?”

“தண்ணிதான் பாத்து. அல்லா மேல ஆணையா வெறும் தண்ணி.”

அவள் அப்படியே காத்திருந்தாள். பஷீர் டம்ளரைத் தன் வாய்க்குத் திருப்பி, அவள் பார்க்க ஒரு மடக்கு விழுங்கினார். பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.