ரஷ்ய சாலட்டும் குறுக்குக் காற்றும்

ரதோய்கா வீட்டில் கழிப்பறை ஒன்றே ஒன்றுதான். குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வருஷாவருஷம் வைக்கிற விருந்துக்கு மறுநாள் காலை அதன் கதவுக்கு வெளியே ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ஒப்ராத். ரதோய்காவின் கல்யாணத்தில் சாட்சி நின்றவர், அதனால் இந்த வீட்டில் கூடப்பிறந்த அண்ணனைவிட மரியாதை அதிகம். அந்த மரியாதை இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டியது.

"திஹொமிர், உள்ளேயே குடி வந்துட்டியா? வாடகை வாங்க ஆள் அனுப்பவா?"

உள்ளே இருந்த ரதோய்காவின் கணவரிடமிருந்து ஓங்கரிக்கும் சத்தம்தான் வந்தது.

கூடத்து சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த நாத்தனார் தெஸாங்கா நோய்க்குக் காரணம் கண்டுபிடித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"காத்துதான் அண்ணி. நேத்து விருந்து நடக்கும்போது உங்க மருமக தெரு ஜன்னலையும் திறந்தா, தோட்டத்து ஜன்னலையும் திறந்தா. குறுக்கே பாஞ்ச காத்து நேரா என் வயித்துல வந்து உட்கார்ந்துக்கிச்சு. அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டா?"

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். எங்கள் செர்பியாவில் கழுத்து பிடித்தாலும் பல் வலித்தாலும் குற்றவாளி இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஓடும் காற்றுதான். படித்தவர் படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. காற்று ஒன்றும் செய்யாது என்று சொல்கிற டாக்டரும் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

மருமகள் நெவேனா ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் வாந்தியும் பேதியும் அவள் வாரம் ஒருமுறை பார்க்கிற சமாச்சாரம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, லிட்டருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி அளந்து கலந்தாள். ஆளுக்கு ஒரு கோப்பை கொடுத்தாள்.

"மடமடன்னு குடிக்காதீங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் கரண்டி கரண்டியா ஆரம்பிங்க. உள்ளே எவ்வளவு தண்ணி போகுதோ, அதுதான் மருந்து."

ஒப்ராத் ரகசியமாகப் பிளம் சாராயப் புட்டியை எட்டினார். அவள் பார்த்துவிட்டாள்.

"மாமா, அதைக் கீழே வைங்க."

"கிருமி செத்துப் போகும்மா."

"அதுக்கு முன்னாடி நீங்க முந்திக்குவீங்க. வைங்க."

ஒப்ராத் பள்ளிப் பிள்ளையாய் வைத்துவிட்டார்.

பிறகு நெவேனா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். காய்ச்சல் உண்டா, ரத்தம் போகிறதா, சிறுநீர் பிரிகிறதா, நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள். சமையலறையிலிருந்து ரதோய்காவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஆட்டுக்கறி ஒருவர் தின்றார், ஒருவர் தொடவில்லை. ரஷ்ய சாலட்டை மட்டும் அத்தனை பேரும் இரண்டு தடவை வாங்கித் தின்றிருந்தார்கள். தின்னாதவள் நெவேனா ஒருத்திதான். அவளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது.

ரதோய்காவுக்குச் சுரீர் என்றது.

உருளைக்கிழங்கு, பட்டாணி, உப்பில் ஊறிய வெள்ளரி, அதன்மேல் பச்சை முட்டையை அடித்துத் தன் கையாலேயே செய்த மயோனைஸ். ஊரில் மூன்று பெண்கள் செய்முறை கேட்டும் அவள் கொடுக்காத சாலட். குளிர்பெட்டியில் இறைச்சியும் பீரும் அடைத்துக்கொண்டதால், தாம்பாளத்தை நேற்றுக் காலையிலேயே பின்பக்க வராந்தாவில் வைத்திருந்தாள். பனி கொட்டும் டிசம்பர் விருந்தென்றால் எங்கள் நாடே அப்படித்தான் வைக்கும். ஆனால் இது மே மாதம். நேற்று வெயில் கொளுத்தியது.

நெவேனா நோட்டை மூடிவிட்டு உள்ளே வந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ரதோய்காவுக்கும் தெரிந்துவிட்டது.

"ஏதோ வயித்துக் கிருமி, அத்தை. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, அவள் அரிசிக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். தெஸாங்காவின் வாய் விடுமா? சோபாவில் படுத்தபடியே ஊர் முழுக்கப் போன் போட்டாள். "புதுப்பொண்ணு ஜன்னலைத் திறந்து ஒரு குடும்பத்தையே சாய்ச்சுட்டா. ஜன்னலைத் திறந்தவ மட்டும் குத்துக்கல் மாதிரி நிக்கிறா பாரேன்." ஞாயிற்றுக்கிழமைக்குள் மறந்துவிடுவார்கள் என்று ரதோய்கா தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். எங்கே மறப்பார்கள்? முப்பது வருஷம் முன்னால் இதே மாதிரி ஜன்னலைத் திறந்த தபால்காரர் மனைவிக்கு விழுந்த 'ஜன்னல்காரி' பட்டம் இன்றும் நிற்கிறது.

மத்தியானம், விருந்தின் இரண்டாம் நாள் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்து மேஜையில் உட்கார்ந்தார்கள். தெஸாங்கா போர்வையோடு எழுந்து வந்து மறுபடியும் ஜன்னலில் ஆரம்பித்தாள். தேநீர்த் தட்டோடு வந்த நெவேனாவின் காது மடல் சிவந்துபோயிற்று. கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டே போனாள்.

ரதோய்காவுக்கு அடிவயிறு கலங்கியது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

"காத்துமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை" என்றாள். "என் சாலட்தான். நாள் பூரா வெயில்ல வெச்சிருந்தேன். கெட்டுப்போச்சு."

யாரும் நம்பவில்லை.

"பார்த்தீங்களா?" என்று தெஸாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மருமகளைக் காப்பாத்தத் தன் பேரையே கெடுத்துக்கிறாங்க. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பாங்க?"

பக்கத்து வீட்டுக்காரி ரதோய்காவின் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள். ரதோய்கா கையை உதறினாள். குளிர்பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த சாலட்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். ஒரு கரண்டி நிறைய அள்ளி நாத்தனாரின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருக்கு. சாப்பிடு."

தெஸாங்கா கரண்டியைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

ஒப்ராத் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நிலையில் ஒரு மனிதன் அப்படிச் சிரிக்கவே கூடாது. பாதியிலேயே கழிப்பறைக்கு ஓடினார். மேஜை முழுக்கச் சிரித்தது. கடைசியில் போர்வைக்குள்ளிருந்து தெஸாங்காவின் சிரிப்பும் கேட்டது.

ரதோய்கா தாம்பாளத்தைச் சமையலறைக்கு எடுத்துப்போய்க் குப்பையில் கவிழ்த்தாள். கவிழ்த்த கையோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவளும்தான் இரண்டு தடவை தின்றிருந்தாள். காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெவேனா ஓடிவந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"ஏண்டி, தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"எனக்கு இங்கே ஆறு மாசத்துப் பேர்தான் அத்தை. போனா திரும்ப வாங்கிக்கலாம். உங்களுது அப்படியா?"

ரதோய்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாந்தியால் என்று சொல்லிக்கொண்டாள்.

"உட்காருங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு கரண்டி."

"விருந்தாளி இருக்காங்கடி. நான் எப்படி..."

"நான் பார்த்துக்கறேன்."

முப்பது வருஷத்தில் முதல் முறையாகப் புனிதர் விருந்தில் ரதோய்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் கரண்டியை நீட்டியபோது வாயைத் திறந்தாள்.