அவிட்டத்துக்கு முந்தி

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று நினைக்கிற புண்ணியவான்கள் ஒரே ஒரு மாதம் மடவார் வளாகத் தெருவில் சின்னத்துரையின் மாடியில் வந்து இருந்து பார்க்க வேண்டும். ஐந்தாம் தேதி ஆனால் மனிதருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். கீழ் வீட்டில் குடியிருக்கும் காளிராஜ் அன்றைக்கென்று பார்த்து முதல் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையத்துக்கு வேலைக்கு ஓடிவிடுவான். பத்தாம் தேதிக்கு மேல் பாதி வாடகை வரும். மீதி எப்போது வரும் என்பது அவனுக்கே தெரியாது. கொண்டுவந்து தருவது எப்போதும் அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சிதான். முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்று, "பிந்திருச்சு அண்ணாச்சி" என்பாள். என்னமோ இந்த மாதம்தான் பிந்திய மாதிரி.

சின்னத்துரையும் ஒன்றும் பண்ணையார் இல்லை. ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் பென்ஷன் அவருடைய மாத்திரைக்கும் மனைவி எலினாவுடைய மாத்திரைக்கும் சரியாக இருக்கும். மாடி கட்ட வாங்கிய பேங்க் கடனுக்குக் கீழ் வீட்டு வாடகையைத்தான் கட்ட வேண்டும். அது பிந்தினால் இவர் தவணையும் பிந்தும். உடனே பேங்கிலிருந்து ஒரு பெண் போன் போட்டு, "சார், உங்க டியூ" என்று தேனொழுக ஆரம்பிப்பாள். காளிராஜ் சின்னத்துரைக்கு ஒளிவான், சின்னத்துரை அந்தப் பெண்ணின் போனுக்கு ஒளிவார். ஒரே வீட்டில் மேலேயும் கீழேயும் இரண்டு பேர் இப்படி ஒளிந்து ஒளிந்து ஆறு வருடம் ஓட்டினார்கள்.

அவரும் எல்லாம் செய்து பார்த்தார். பக்குவமாகச் சொன்னார், தெருவே கேட்கக் கத்தினார், காலி பண்ணச் சொல்லி மூன்று தடவை கெடு வைத்தார். ஒரு சனிக்கிழமை காளிராஜ் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணித் தறி செட்டுக்கே பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றார். அங்கே சனிக்கிழமைதான் கூலி. கூட வேலை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி கொடுத்த கூலியை அப்படியே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "டீ குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றான் காளிராஜ். அந்த டீக்கும் அவனேதான் கடன் சொன்னான். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது சின்னத்துரைக்குத் தான் ஜெயித்த மாதிரியும் இருந்தது, அசிங்கப்பட்ட மாதிரியும் இருந்தது. அடுத்த மாதமும் வாடகை பிந்தித்தான் வந்தது.

இந்த வருடம் காளிராஜுக்கு இருமல் வந்தது. தறியில் பறக்கிற பஞ்சு என்று எல்லாரும் சொன்னார்கள். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் கட்டி, முற்றிப் போயிருக்கிறது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனை உள்ளே கொண்டுபோனபோது சின்னத்துரை மாடியிலிருந்து பார்த்தார். ஆள் பாதியாகியிருந்தான். எலினா கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமும் பண்ணிவிட்டு வந்தாள். அந்த மாதம் அவர் வாடகை கேட்கவில்லை.

வினை ராம்கி ரூபத்தில் வந்தது. ராஜபாளையத்தில் வீட்டு புரோக்கர் ராம்கியைத் தெரியாதவர் கிடையாது. வேறு ஜோலியாகப் போன இடத்தில் சின்னத்துரை பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னார். அவன் பதறிவிட்டான்.

"அண்ணாச்சி, சாவு விழுந்தாக் கூட வெள்ளையடிச்சு வாடகைக்கு விட்டுப்புடலாம். அடைப்புல விழுந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல. அவிட்டம், சதயம்னு அஞ்சு நட்சத்திரம் இருக்கு. அதுல செத்தா அந்த வீட்டை ஆறு மாசம் அடைச்சுப் போடணும். ஒருத்தன் குடி வரமாட்டான்."

"நாங்க வேதக்காரங்கடே. எங்களுக்கு ஏது அவிட்டமும் சதயமும்?"

"நீங்க நம்ப வேண்டாம். குடி வாரவன் நம்புதாம்லா?"

சின்னத்துரை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தார். எலினா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, பலசரக்குக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து நல்ல நேரம் பார்க்காத மனிதர், கண்ணாடியை ஏற்றி ஏற்றி நட்சத்திரம் பார்த்தார். புதன்கிழமை விடியக்காலம் அவிட்டம் பிறக்கிறது. அங்கே தொடங்கி ஞாயிறு வரை அத்தனையும் ஆகாத நட்சத்திரம். வருகிற வாரம் தாண்டாது என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறு மாத வாடகை, ஆறு மாதத் தவணை, அந்தப் பெண்ணின் தேன் குரல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கீழே இறங்கினார். காளிராஜ் முன்னறையில் கட்டிலில் கிடந்தான். அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"வாங்க அண்ணாச்சி. வாடகை... செத்த நேரம் இரிங்க. பேச்சி வந்துருவா."

"வாடகைக்கு வரலடே. நீ படு" என்றார். அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பின்கட்டிலிருந்து வந்த முத்துப்பேச்சியை நடைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். நடைக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு சீலைத் திரைதான் இருந்தது.

"இவன மம்சாபுரத்துக்கு அவன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போயிரு தாயி. செவ்வாய்க்கிழமைக்குள்ள."

"இந்த உடம்போட எப்படி அண்ணாச்சி? தூக்கி ஒக்கார வச்சாலே மூச்சு நிக்கிது."

"புதன்கிழமை அவிட்டம் பொறக்குது. அதுக்குப் பொறவு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா வீட்ட அடைக்கணும்ங்கான் புரோக்கரு. என் பொழப்பு என்ன ஆவுறது?"

அவள் அவரையே பார்த்தாள். வேதக்காரர் வாயில் அவிட்டம் என்று வந்ததை அவளால் நம்ப முடியவில்லை. "நாலு நாள் அண்ணாச்சி. அதுக்கு மேல தாங்காதுன்னு எனக்கே தெரியுது. இருந்த வீட்டுல கண்ண மூடட்டும்" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் சத்தம் கூடிவிட்டது. "ஆறு வருசத்துல ஒரு மாசமாவது நான் சொன்ன தேதிக்குக் குடுத்திருக்கியளா? எல்லாத்துலயும் நாலு நாள், நாலு நாள்! இதுலயாவது சொன்ன தேதிக்குள்ள செய்யிங்க."

திரைக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றுபோயிருந்தது. அதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டுத்தான் மாடியேறினார்.

திங்கட்கிழமை முத்துப்பேச்சி மம்சாபுரம் போய்விட்டு வந்து, வழக்கம்போல் கடைசிப் படியில் நின்றாள். காளிராஜின் அண்ணன் பாண்டிச்செல்வம் வீட்டில் மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் எப்படிக் கொண்டுவந்து போடுவது என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் இல்லை. சின்னத்துரை செவ்வாய் சாயங்காலத்துக்கு ஒரு லோடு ஆட்டோ சொல்லியிருப்பதாகச் சொன்னார். மெத்தை போட்டுக்கொள்ளலாம், வண்டி வாடகையை நானே கொடுத்துவிடுகிறேன், பெரியாஸ்பத்திரியில் ஒரு ஓரமாகச் சேர்த்துவிடலாம் என்றார். ஆட்டோ வாடகையைத் தான் கொடுப்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே போனாள். எலினா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவருக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து முத்துப்பேச்சியின் அலறல் வந்தது. அது என்ன அலறல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார் சின்னத்துரை.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. சம்பளம் கைக்கு வந்ததும், பஸ்ஸில் சீட் கிடைத்ததும் தன்னால் வருகிற வார்த்தை, அப்படியே வந்துவிட்டது. அவிட்டம் பிறக்க இன்னும் ஒரு ராத்திரி இருந்தது. எலினா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. துண்டைக்கூட எடுத்துக் கொடுக்காமல் கீழே ஓடினாள்.

அவர் இறங்கி வந்தபோது தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். காளிராஜுக்குத் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டியாகியிருந்தது. உதடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சின்னத்துரை தலைமாட்டில் போய் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டானா?" என்று கேட்டார். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா அது!

முத்துப்பேச்சி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கேட்டதற்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம நீங்க போனதும் அவிட்டம் என்னைக்குன்னு எங்கிட்ட கேட்டாவ அண்ணாச்சி. பொதன்கிழமன்னேன். அதுக்குப் பொறவு பச்சத்தண்ணி எறங்கல. கரண்டிய வாய்கிட்ட கொண்டு போனா பல்லக் கடிச்சிக்கிட்டாவ. காலப் புடிச்சி அழுதேன். 'ஒரு மாசம் நாம சொன்ன தேதிக்குக் குடுத்தமா பேச்சி? இதையாவது குடுத்திருவோம்'னாவ. ரெண்டு நாளா அந்த ஒரு பேச்சுதான்."

எலினா புருஷனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். முத்துப்பேச்சியின் குரலில் குத்தலோ கோபமோ இல்லை. இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

"ஒங்க வீட்டுக்கு ஒரு கொறையும் வரல அண்ணாச்சி" என்று அவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

சின்னத்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான்தான் கொன்றேன் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை எந்தப் போலீசும் எந்தக் கோர்ட்டும் கேட்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது. வாசலில் பேசிவைத்த லோடு ஆட்டோக்காரன் முன்கூட்டியே வந்து நின்று, "போலாமா சார்?" என்றான். அவர் வெறுமனே கையை ஆட்டி அனுப்பினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மம்சாபுரத்திலிருந்து பாண்டிச்செல்வம் ஆட்களோடு வந்தார். கூடவே ஐஸ் பெட்டியும் வந்து இறங்கியது. பெட்டியை வாசலோடு நிறுத்திவிட்டு, பாண்டிச்செல்வம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சின்னத்துரையிடம் வந்தார்.

"மொதலாளி, பெட்டிக்குக் கரண்டு வேணும். உள்ள வைக்கலாமா, இல்ல தெருவுலயே வச்சிக்கிடவா? காலையில வெள்ளன எடுத்துருவோம். லேட்டு ஆக்க மாட்டோம்."

சின்னத்துரை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அவர்களுக்குப் போதவில்லை. வீட்டுக்காரர் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று, வயரைக் கையில் பிடித்தபடி எல்லாரும் தெருவிலேயே காத்து நின்றார்கள்.