சுங் கெய்க்குப் போக வேண்டிய பத்திரிகை

செத்த பிறகும் சுங் கெய் பத்திரிகை கேட்டுத்தான் வந்தார். மனைவி யுக் லானின் கனவில், தினமும் போகும் தேநீர்க் கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தேநீர்க் கெண்டி, இரண்டு கூடை ஆவிப் பலகாரம். பத்திரிகை பிடிக்கும் கைகள் மட்டும் சும்மா கிடந்தன. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் கேட்க வேண்டுமா என்ன?

போனவர்கள் கனவில் வந்து நின்றால் கொடுத்துவிட வேண்டும். சட்டை இல்லையென்றால் காகிதச் சட்டை, வீடு இல்லையென்றால் காகித வீடு. செத்தவர்களுக்குப் படைக்கும் சிங்மிங் அன்று பேரெழுதி எரித்தால் போய்ச் சேர்ந்துவிடும். ஹாங்காங்கில் காகிதத்தில் செய்யாத பொருள் இல்லை. பத்திரிகைக்கு அந்தச் சிரமமும் கிடையாது, அதுவே காகிதம்தான்.

ஆனால் அவர் கேட்ட பத்திரிகைதான் ஊரிலேயே இல்லை. அதை நடத்தியவர்களைப் பிடித்து உள்ளே போட்டு, வங்கிக் கணக்கை முடக்கி, இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அது ஒன்றும் உத்தமப் பத்திரிகை இல்லை. நடிகைகளின் படுக்கையறை வரை எட்டிப் பார்க்கும். ஆனால் அரசாங்கத்தை அரசாங்கத்தின் முகத்துக்கு நேராகத் திட்டும். அது போதும் சுங் கெய்க்கு. கடைசி இதழ் வந்த அன்று மழையில் வரிசையில் நின்று வாங்கிவந்தார். வாங்கியவர் பிரிக்கவே இல்லை. உறை போட்டு மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"படிச்சிட்டா முடிஞ்சு போயிரும்டி. இருக்கட்டும். ஒரு நல்ல நாள் வரும், அன்னிக்குப் படிக்கிறேன்" என்றார்.

நல்ல நாள் வரவில்லை. நுரையீரல்தான் போனது.

யுக் லான் கனவைச் சொல்லி, அந்தக் கடைசி இதழை அவர் சாம்பல் இருக்கும் இடத்தில் எரிக்கப் போவதாகச் சொன்னதும் மகள் ஹோய் லாம் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் அரசாங்க அலுவலகத்தில் வீடு ஒதுக்கும் பிரிவில் இருக்கிறாள். விசுவாசமாக இருப்பேன் என்று எல்லோரையும்போல உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவள். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்த வேலைதான் அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சோறு.

"அது இன்னும் நம்ம வீட்டுலயா இருக்கு? அம்மா, உனக்குப் பைத்தியமா? அங்க கேமரா இருக்கும், ஆள் நிப்பாங்க. யாராவது போன் பண்ணிச் சொன்னா என் கதி என்ன?"

"பேப்பர் வச்சிருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கான்? காட்டு."

"எதுலயும் போடலம்மா. அதான் பயமே! போட்டிருந்தா எதுவரைக்கும் போகலாம்னு தெரியும்ல?"

"அவனுங்க எரிக்கணும்னு நெனச்சதைத்தானடி நான் எரிக்கப் போறேன்? கூப்பிட்டுப் பரிசு குடுக்கணும்."

ஹோய் லாமுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள், "சரி, உன் இஷ்டம். மேல தெரியாம கட்டு" என்றாள். பெற்ற மனம் குளிர்ந்துபோனது. என் பெண்ணுக்கு இன்னும் முதுகெலும்பு இருக்கிறது என்று யுக் லான் பூரித்தாள். காகிதச் சட்டை, காகிதச் செருப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் பத்திரிகையைச் சொருகி, எல்லாவற்றையும் ஒரு பெரிய காகித உறையில் போட்டு ஒட்டி, வேறு ஆவி எதுவும் பிடுங்கிக்கொள்ளாதபடி கணவர் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சிங்மிங் அன்று குன்றுச் சரிவில், செத்தவர்களின் சாம்பலை வைக்கும் மாடங்களில் நிற்க இடமில்லை. யுக் லான் சுங் கெய்யின் மாடத்துக்கு முன்னால் வறுத்த பன்றியிறைச்சியும் ஆரஞ்சும் வைத்து, மூன்று கிண்ணம் மது ஊற்றி, ஊதுபத்தியோடு மூன்று முறை குனிந்து கும்பிட்டாள். எரிக்கும் இரும்புத் தொட்டிகளைச் சுற்றி ஒரே கூச்சல். "அப்பா, வந்து வாங்கிக்குங்க!", "பாட்டி, உங்களுக்குத்தான், வாங்க!" என்று பிள்ளைகள் தீயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் சீருடைக் காவலாள் ஒருவர் நின்றார். ஹோய் லாம் அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

யுக் லான் உறையைத் தீயில் வைத்தாள். மேல்காகிதம் சுருண்டு பிரிந்தது. சட்டைகள் பற்றின. உள்ளே மடிப்பு விரிந்து, கைதட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் தலைவர்களின் படம் தெரிந்தது. மேலே சிவப்பு எழுத்தில் அரசாங்கத்துக்கு ஜால்ரா போடும் பத்திரிகையின் பேர். மீன்கடையில் அதில் சுற்றிக் கொடுத்தால்கூட, "வேற பேப்பர் இல்லையாய்யா?" என்று கேட்பார் சுங் கெய்.

யுக் லான் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கித் தீக்குள் விட்டாள். பொறி பறந்தது. காவலாள் வேகமாக வந்தார். ஹோய் லாம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, தள்ளி நில்லுங்க. முடி பொசுங்கிரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். எரிவது எது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். இத்தனை நாள் ஹோய் லாம் பயந்து செத்தது இதற்குத்தான்.

"நம்ம பேப்பர் எங்கடி?"

"ராத்திரி உறையைப் பிரிச்சு எடுத்து, ஊற வச்சு, பிச்சு, கக்கூஸ்ல போட்டுட்டேன்." மகளின் குரல் எழும்பவே இல்லை. "சும்மா ஒளிச்சு வச்சா நீ தேடி எடுத்துத் திரும்பவும் கட்டிருவியேன்னு பயம். கனம் கொறஞ்சா உனக்குத் தெரிஞ்சிருமேன்னு ஆபீஸ்ல சும்மா கெடந்த ஒண்ணை எடுத்து வச்சேன். என்ன பேப்பர்னுகூட நான் பாக்கலம்மா."

"மேல உங்கப்பன் பேரை நான் எழுதியிருக்கேனே."

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லம்மா..."

"எனக்கு இருக்கு. எது எரியுதோ அதுதான் போகும்."

திட்ட வேண்டும் என்றுதான் வாய் துடித்தது. யாரைத் திட்டுவது? இவளை யாரும் மிரட்டவில்லை, கூப்பிட்டு விசாரிக்கவில்லை, ஒரு தாள்கூட அனுப்பவில்லை. யாரும் கேட்காமலேயே அப்பாவின் பத்திரிகையைத் தன் கையாலேயே கூழாக்கியிருக்கிறாள். இப்படி ஒரு ஊழியத்தை எந்தப் போலீஸ்காரனாலும் வாங்கியிருக்க முடியாது. யுக் லானுக்கு நெஞ்சு எரிந்தது. பெற்ற மகள் மேல் பரிதாபமும் வந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

தொட்டியில் தலைவர்கள் ஒவ்வொருவராகக் கருகினார்கள். முழுசாகத்தான் எரிந்தது, ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. பக்கத்துக் குடும்பம் தங்கள் தாத்தாவை மறுபடியும் கூவி அழைத்தது. பழக்கமோ குற்ற உணர்வோ, ஹோய் லாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீயைப் பார்த்து, "அப்பா, வந்து..." என்று ஆரம்பித்தாள்.

யுக் லான் கரி படிந்த கையால் மகளின் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாதே. இதை வாங்கிக்க அந்த மனுஷன் வர வேண்டாம்."