சுவர், இடது!

“அடுத்த வருஷ லிஸ்ட்ல உங்க பேர் இல்லம்மா.”

மேலாளர் இதைச் சொன்னபோது ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் இருந்தது. உடை மாற்றும் அறைக்கு வெளியே, தண்ணீர் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே, கையில் ஒரு தாளோடு நின்றார்.

“சராசரியா ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆடியிருக்கீங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“இதை நாளைக்குச் சொல்லியிருக்கலாமே சார்?”

“நாளைக்கு நான் ஊர்ல இல்லம்மா.”

கூடைப்பந்து அணியில் எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ.’ முப்பத்து நான்கு வயது, பெஞ்சின் கடைசி நாற்காலி, ஓயாத வாய். பந்தோடு வருகிறவளை மறித்து ஓடும் ஆட்டக்காரிக்கு முதுகில் கண் கிடையாது. பின்னால் எதிரணிக்காரி ஒருத்தி சத்தமில்லாமல் சுவர் மாதிரி வந்து நிற்பாள். மோதினால் மறித்தவள் அங்கேயே சிக்கிக்கொள்வாள், பந்துக்காரி பறந்துவிடுவாள். அந்தச் சுவர் எந்தப் பக்கம் வருகிறது என்று பெஞ்சிலிருந்து கத்துவாள் ரேடியோ. “சுவர், இடது!” யாரும் கொடுத்த வேலையல்ல, தானே எடுத்துக்கொண்டது. மேலாளரின் தாளில் அதற்குக் கட்டமும் இல்லை.

‘ரெண்டு நிமிஷக்காரிதானே? அந்த ரெண்டு நிமிஷம் பேசினா போதும்’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இன்று தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் பாதியில் அவர்கள் காக்க வேண்டிய கூடை சொந்த பெஞ்சுக்கு எதிரேதான். ரேடியோ வாயைத் திறந்தால் போதும். அவள் திறக்கவில்லை. ஒரு சுவர், இன்னொரு சுவர். புள்ளிகள் மளமளவென்று கைநழுவின. கேப்டன் இரண்டு தடவை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ரேடியோ ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்பு அது நடந்தது. அணியிலேயே குள்ளமானவள் என்பதால் ‘நெட்டை’ என்று பெயர் வாங்கிய சின்னப்பெண், எதிராளியைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் வந்தாள். அவளுக்கு இடப்பக்கம் ஆறடிக்காரி ஒருத்தி வந்து நிற்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தது வார்த்தை.

விழுங்கிவிட்டாள்.

நெட்டை மோதிய சத்தம் பெஞ்சு வரை கேட்டது.

இடைவேளைக்கு உடை மாற்றும் அறைக்குத் திரும்பினார்கள். பதினொரு புள்ளி பின்தங்கல். நெட்டை தோளில் ஐஸ் பையை அழுத்தியபடி, “ஸாரிக்கா” என்றாள். “நீங்க கத்தினது எனக்குக் கேக்கல. கூட்டத்துச் சத்தத்துல விட்டுட்டேன்.”

ரேடியோவுக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது.

“நான் கத்தவே இல்லடி.”

“என்னது?” கேப்டன் எழுந்தாள்.

“அடுத்த வருஷம் நான் இல்லையாம். ஆட்டத்துக்கு முன்னாடி மேனேஜர் சொன்னாரு. வீம்புக்கு வாயை மூடிட்டேன்.”

“அக்கா, அவர் மேல கோபம்னா அவரைக் கொண்டுபோய்ச் சுவத்துல மோதவிடுங்க! இவ தோளா கிடைச்சது உங்களுக்கு?”

கோச் கை காட்டினார். “போதும். ஆட்டம் இன்னும் பாதி இருக்கு.” ரேடியோவைப் பார்த்து, “வாயைத் தேடி எடுத்துட்டு வா” என்றார்.

தேடி எடுத்துவந்தாள், ஆனால் கூடை மாறிவிட்டது. இரண்டாம் பாதியில் காக்க வேண்டிய கூடை அந்தக் கோடியில். கூட்டத்தின் கூச்சலில் அவள் குரல் பாதி வழியிலேயே செத்தது. கோட்டோரம் வரை ஓடிப்போய்க் கத்தினாள். நடுவர் எச்சரித்தார். உட்கார்ந்து கத்தினாள். தொண்டை எரிந்தது. கேப்டன் ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்து வித்தியாசத்தை நான்காகக் குறைத்தாள். மூன்று நிமிடம் மிச்சமிருக்கையில் அவளுக்கு ஐந்தாவது ஃபவுல், ஐந்தானால் ஆட முடியாது. வெளியே.

கோச் பெஞ்சை ஒருமுறை அளந்தார். பார்வை கடைசி நாற்காலியில் நின்றது.

“போ.”

எதிரே வந்த கேப்டன் அவள் கையைத் தட்டவில்லை. “எல்லார் முதுகையும் பாத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னாள்.

நெட்டையின் இடத்தில் ஏற்கெனவே ‘பூனை’ இறங்கியிருந்தாள். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவள். தினமும் பயிற்சியில் எதிரணி வேடம் கட்டி, சுவராக நின்று இடி வாங்குவது இவர்கள் இருவருக்கும்தான் வழக்கம். சுவர் எப்போது எங்கே முளைக்கும் என்று எலும்புக்கே தெரியும்.

“சுவர், வலது! பூனை, தாண்டு! இடது, இடது!”

எதிரணியின் பந்து மூன்று முறை வீணானது. பூனை இரண்டு முறை கூடையில் போட்டாள். ஒரு ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. ஒரு புள்ளி முன்னிலை. ஆறு விநாடி. பந்து எதிரணியிடம்.

பந்துக்காரியைப் பூனை மறித்து நின்றாள். ரேடியோ காவலிருந்த ஆறடிக்காரி மெல்ல நகர்ந்து பூனையின் முதுகுக்குப் பின்னால், இடப்பக்கமாகப் போனாள். ரேடியோ கூடவே ஒட்டிப் போய் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது. தொண்டை அடைத்துவிட்டிருந்தது.

நாலு விநாடி. கையை நீட்டிப் பூனையின் இடது இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது காலைச் சுவருக்கு முன்னால் செருகி வழுக்கி வெளியேறினாள். வழி கிடைத்ததென்று எம்பிய பந்துக்காரியின் முகத்துக்கு நேரே பூனையின் கை நின்றது. பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. மணி அடித்தது.

அறைக்குள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தபோது மேலாளர் கதவருகே வந்து தொண்டையைச் செருமினார்.

“ரேடியோ, ஒரு நிமிஷம் பேசலாமா?”

அவள் வாயைத் திறந்தாள். கீச்சென்று ஏதோ வந்தது. நெட்டை ஐஸ் பையோடு சிரித்துவிட்டு, தோள் வலியில் முனகினாள்.

“ரேடியோ இன்னைக்கு ஓடாது சார்” என்றாள் கேப்டன். “முதல் பாதியில எங்கக்கா பண்ணினது தப்பு. அதுக்கு நாங்க அவங்களுக்கு வெச்சுக்குறோம் ஒரு கச்சேரி. உங்களுக்கு என்ன பேசணும்னாலும் எங்ககிட்ட பேசுங்க. உள்ள வாங்க.”

அவர் உள்ளே வந்ததும் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாத்தியவள் பூனை.

“அந்த லிஸ்டைக் கொடுங்க சார்” என்றாள். அந்த வருஷத்தில் அவள் பேசிய ஐந்தாவது வார்த்தை முதல் எட்டாவது வார்த்தை வரை அதுதான். தாளை வாங்கித் தன் பெயரைத் தேடி, அதற்கு நேர் கீழே ஒரு விரலை வைத்தாள். “இங்க இடம் இருக்கு.”

மேலாளர் சட்டைப் பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.