சுப்புத்தாய்க்கு அண்ணன் இல்லை

1

என் நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியிலிருந்து இந்தக் கதை வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1924, ஐப்பசி, ஒரு புதன்கிழமைக்குரிய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மாலை 4.10. மலையிலிருந்து டெலிபோன். ஒருவர் விசாரித்தார். பதில் சொன்னேன்." அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நான் பக்கத்தை வெறுமையாக விடுகிறவன் இல்லை. மழை எத்தனை மணிக்குப் பிடித்து எத்தனை மணிக்கு விட்டது என்றுகூட எழுதுகிறவன்.

என்ன பதில் சொன்னேன் என்பதுதான் கதை.

(நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் வந்தது. போடிநாயக்கனூரில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில், திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, வேலைக்குப் போகிறவர்களுக்காக அந்த வகுப்பு நடக்கிறது. இந்த மாதம் ஆளுக்கொரு கதை எழுதி வர வேண்டும். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் இருக்க வேண்டும் என்று சுந்தரராஜ் சார் சொல்லியிருக்கிறார். என்னிடம் முதல் இரண்டும் இருக்கின்றன.)

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன். எங்கெங்கே பொய் சொல்லப் பார்த்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

"மேகம் தவழும் மலைச்சரிவிலிருந்து, கம்பி வழியே ஒரு கொடிய குரல்—"

குரல் கொடியதாக இல்லை. கேட்க இதமான குரல். சிக்கலே அதுதான்.

"சுப்புத்தாய் என்னும் ஏழைப்பெண் கண்ணீரும் கம்பலையுமாக—"

அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊருக்கு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, நாள் கூலி எவ்வளவு என்பது.

"நான் ஒரு தவறு செய்தேன். அந்த நாள் முதல் என் நெஞ்சு—"

இப்படித் தொடங்கினால் கதை என் நெஞ்சைப் பற்றியதாகிவிடும். மாட்டிக்கொண்டது என் நெஞ்சு அல்ல.

நான்காவது:

சுப்புத்தாயின் கணவர், மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கங்காணி உக்கிரபாண்டியிடம் நாற்பது ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வருடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். கடன் மனைவியின் தலையில் விழுந்தது. அவர் இரண்டு வருடம் காய் பறித்தார். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் கங்காணி, "கூடியிருக்கு ஆத்தா" என்றார். ஒரு நாள் விடியற்காலையில் சுப்புத்தாய் யாரிடமும் சொல்லாமல் மலையடிவாரத்துக் குரங்கணிக்குப் போகும் பாதையில் இறங்கி, போடிக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

இது இருக்கட்டும். அழகில்லை. ஆனால் இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

3

நான் ஒரு மலைக் கம்பெனியின் போடி ஆபீசில் டெலிபோன் பார்க்கிறேன். சுவரில் ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி, கொக்கியில் தொங்கும் காதுக்குழல். கம்பி குரங்கணிக் கிடங்கு வழியாக மலைமேல் தோட்டத்து ஆபீஸ்வரை போகிறது. மூட்டை எத்தனை இறங்குகிறது, அரிசி எத்தனை ஏற வேண்டும், பாதையில் மண் சரிந்திருக்கிறதா என்பதெல்லாம்தான் அதில் பேசும் பேச்சு. மனிதர்களைப் பற்றி அதில் யாரும் விசாரித்ததில்லை, அந்தப் புதன்கிழமைவரை.

ஆபீசுக்கு எதிரே ஞானபாக்கியம் அக்காவின் ஏலக்காய்க் கிடங்கு; எங்கள் பேச்சில் கிட்டங்கி. கணவர் காலமான பிறகு அவரே வியாபாரத்தைப் பார்க்கிறார். பத்துப் பெண்கள் மூங்கில் சுளகில் காயைக் கொட்டி, தரம் பார்த்துப் பொறுக்குவார்கள். சுப்புத்தாய் அங்கே சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மணி அடித்தது. எடுத்தேன்.

"போடி ஆபீசா? தம்பி, நல்லாருக்கியா? சாப்ட்டியா?"

"சாப்ட்டேண்ணே. ஆரு பேசுறது?"

"நான் சுப்புத்தாயோட அண்ணன் பேசுறேன் தம்பி, பக்கத்துத் தோட்டம். தங்கச்சி சொல்லாமக் கொள்ளாம எறங்கிருச்சு. மழக்காலம், காட்டுப் பாத, ஆனை நடமாட்டம் வேற. போயிச் சேந்துச்சா என்னான்னு தெரியாம மூணு நாளாச் சோறு எறங்கல."

(இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்தில், கூடப்பிறந்தவர் ஒருவரைப் பற்றி விசாரிப்பவரிடம் "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு. நேரில் வந்தால் முகத்தைப் பார்ப்போம், எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்போம், தண்ணீர் கொடுப்போம். அதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெட்டிக்குள் முகம் இல்லை. "அண்ணன்" என்ற முறை மட்டும் வருகிறது. நான் அதை நம்பினேன்.)

"சேந்துட்டாகண்ணே, கவலப்படாதீக. எதுத்தாப்புல ஞானபாக்கியம் அக்கா கிட்டங்கியிலதேன் காய் பொறுக்குறாக. படுக்கையும் அங்கனதேன்."

படுக்கை எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். மனிதர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

"மகராசனா இரு தம்பி" என்றார்.

4

உடனே தெருவைக் கடந்து போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிற நடை.

"அக்கா, ஒங்க அண்ணன் டெலிபோன்ல பேசுனாக. நீங்க நல்லபடியா வந்து சேந்ததச் சொல்லிட்டேன்."

சுப்புத்தாயின் கையில் சுளகு நின்றது.

"எனக்கு அண்ணன் இல்லையே தம்பி."

"பெரியப்பா மகன் ஆராச்சும்..."

"ஒருத்தரும் இல்ல. சாப்ட்டியான்னு கேட்டாரா?"

"கேட்டாக."

"அப்ப உக்கிரபாண்டிதேன். ஆளப் பிடிக்கணும்னா முதல்ல சாப்பாட்டத்தேன் விசாரிப்பாரு."

ஞானபாக்கியம் அக்கா தராசுப் பக்கமிருந்து எழுந்து வந்தார். "ஏன்டா சீனிச்சாமி, ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒக்காந்து என்னதான்டா படிக்கிற? ஒரு மரப்பொட்டி கேட்டா ஆளு இருக்கிற எடத்தப் பாயோட சேத்துச் சொல்லுவியா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் சுளகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரத் திட்டாதீகக்கா" என்றார் சுப்புத்தாய். "நாளைக்கு எறங்கி வருவாரு. ரெண்டு ஆளக் கூட்டிட்டு வருவாரு. போன வருசம் ராக்குன்னு ஒரு பிள்ளையத் தேனி வரைக்கும் போயித் திருப்பிக் கொண்டாந்தாக. அதுக்கப்புறம் அது ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போனாக்கூட ஒரு ஆளு பின்னாடியே போகும். என்னிய மலைக்கு ஏத்துனாலும் அப்படித்தேன்."

"ராசிங்காபுரத்துல எனக்கு வேண்டியவங்க இருக்காங்க. வெரசாக் கெளம்பு" என்றார் ஞானபாக்கியம் அக்கா.

"போகலாம். அங்கயும் கேட்டாச் சொல்றதுக்கு ஒரு தம்பி இருக்கும்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

ஞானபாக்கியம் அக்கா சுப்புத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்பணச் சீட்டுல கைநாட்டு ஆரு வச்சது?"

"எம் வீட்டுக்காரவுகதேன் வச்சாக. நான் எதுலயும் வைக்கல."

"அப்ப கைநாட்டு ஆரோடதுன்னு கேளு. வர்ற ஆளுகிட்ட அத முதல்ல கேளு."

அன்று மாலை நான் வகுப்புக்குப் போனேன்.

(இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். வீட்டில் இருந்தாலும் என்ன செய்திருக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் அதை ஏற்க வேண்டாம்.)

பாடத்தைக் கவனிக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதினேன். நீங்கள் யார்? யார் சார்பில் கேட்கிறீர்கள்? தொகை எவ்வளவு? வாங்கியவர் யார், என்றைக்கு? கைநாட்டு யாருடையது? இரண்டு வருட வேலையை வரவு எழுதிய நோட்டு எங்கே? கேள்வி கேட்பவரிடம் இத்தனை கேள்விகள் கேட்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

5

வியாழக்கிழமை காலை 9.20. மணி.

"தம்பி, அண்ணன்தான் பேசுறேன். குரங்கணி வந்துட்டேன். தங்கச்சி அங்கனதான இருக்கு? சாப்ட்டியா?"

நோட்டிலிருந்து கிழித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தேன். அவசரத்தில் இரண்டாவது கேள்வியை முதலில் வாசித்துவிட்டேன்.

"யார் சார்பில் கேட்கிறீர்கள்?"

"என்னாது?"

"நீங்க உக்கிரபாண்டி அண்ணன்தான? தொகை எவ்வளவு? சீட்டுல கைநாட்டு ஆரோடது?"

கம்பியில் காற்று இரைந்தது.

"தம்பி எப்ப வக்கீலாச்சு?"

"வக்கீல் இல்லண்ணே. கேட்டதயும் சொன்னதயும் எழுதி வைக்கிறது என் சோலி."

"ஒன் சோலி மூட்டை எண்ணுறது. மேல தொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னேன்னா அந்தப் பொட்டிப் பக்கம் நீ நிக்க முடியாது. பொம்பளையக் கூப்டு."

நான் கூப்பிட்டேன்.

(பயந்துதான் கூப்பிட்டேன். முதல் வரைவில் "துணிந்து அழைத்தேன்" என்று எழுதியிருந்தேன்.)

சுப்புத்தாய் வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். ஆள் எதிரே நிற்பதுபோல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். காதுக்குழலை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். நான் பக்கத்தில் நின்றதால் இரண்டு பேச்சும் கேட்டது.

"என்னா சுப்புத்தாயி, அண்ணன விட்டுட்டு வந்துட்ட."

"நீங்க அண்ணன் இல்ல. கங்காணி. எம் புருசன் வாங்குனது நாப்பது. ரெண்டு வருசம் நான் காய் பறிச்சிருக்கேன். அத எந்த நோட்டுல எழுதிருக்கீக? வாசிங்க. இந்தத் தம்பி எழுதிக்கிருவாரு."

"ஒனக்குக் கணக்கு என்னா தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தேன் வாசிக்கச் சொல்றேன்."

"நேர்ல வந்து வாசிக்கிறேன்."

"வாங்க. கிட்டங்கி வாசல்ல வச்சு வாசிங்க. நாலு பேரு கேக்கட்டும்."

கொக்கியில் மாட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. குழலை அப்படியே விட்டுவிட்டு, பாதி பொறுக்கிய சுளகுக்குத் திரும்பிப் போய்விட்டார். தொங்கிய குழலுக்குள் அவர் பெயர் இரண்டு முறை கேட்டது. நான் உடனே எடுத்து மாட்டவில்லை.

6

முடிவு வர வேண்டிய இடம் இதுதான். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: மதியம் இரண்டு மணிக்கு உக்கிரபாண்டி வருகிறார். நோட்டு இல்லாமல் வருகிறார். வாசலில் ஞானபாக்கியம் அக்கா, பத்துப் பெண்கள், தெருவில் போகிறவர்கள். "நோட்டு எங்க?" என்ற ஒரே கேள்வி. அவர் திரும்பிப் போகிறார். (வகுப்பில் எல்லாருக்கும் இது பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.)

இரண்டாம் முடிவு: அவர் நோட்டோடு வருகிறார். அதில் எண்கள் இருக்கின்றன. யாருக்கும் அவற்றை மறுக்கத் தெரியவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியும்; ஆனாலும் வாய் திறக்கவில்லை. மாலையில் ஒரு மாட்டு வண்டி குரங்கணிப் பக்கம் போகிறது.

மூன்றாம் முடிவு: அவர் வரும்போது சுப்புத்தாய் அங்கே இல்லை.

இந்த மூன்றில் ஒன்று நடந்தது.

(உக்கிரபாண்டியை நான் ஒழுங்காக எழுதவில்லை என்ற எண்ணமும் இருக்கிறது. முன்பணத்தை அவரும் கம்பெனியிடம்தான் வாங்குகிறாராம். ஓடிப்போகிற ஒவ்வொரு ஆளும் அவர் பெயரில் பற்றாக ஏறுமாம். ஆள் எங்கே என்று அவரிடம் யார் எந்தக் குரலில் கேட்டார்களோ. அதை எழுதினால் அவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. ராக்குவின் பின்னால் ஓடைக்குப் போன ஆளை நினைத்தால் போய்விடுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவரை முழுதாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.)

7

அடுத்த வார வெள்ளிக்கிழமை வகுப்பில் ஐந்தாம் பகுதி வரை வாசித்துக் காட்டினேன். சார் தேதிகளைப் பாராட்டினார். முடிவு எங்கே என்று கேட்டார். அடுத்த வகுப்புக்குள் எழுதிவிடுகிறேன் என்றேன்.

வெளியே வந்ததும் ஒச்சப்பன் என் தோளில் கை போட்டான். என்னோடு படிப்பவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குரங்கணிக்கு அரிசி வண்டி ஓட்டுகிறான். கதை கேட்கும்போது நடுவில் ஒரு தடவைகூட அவன் கொட்டாவி விடவில்லை.

"மாப்ளே, அப்புறம் அந்த அக்கா என்னாச்சு? எங்கதான் இருக்கு இப்ப?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். அவன் முகத்தில் கவலை இருந்தது. அவன் எந்தத் தெரு, யார் மகன் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன். என் வாய் திறந்துவிட்டது. முதல் எழுத்துகூட நாக்குக்கு வந்துவிட்டது.

அவன் நாளைக்குக் குரங்கணிக்கு வண்டி ஓட்டுவான். கிடங்கில் யாராவது அவனிடம், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்.

"தெரியலடா" என்றேன்.

"எங்கிட்டயுமா?"

"தெரியல."

தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கடைத்தெரு வரை சேர்ந்து நடந்தோம். அங்கே அவன் தன் வழியில் போய்விட்டான்.

எனவே முடிவை எழுதவில்லை. பெயர்களையும் மாற்றிவிட்டேன், எவற்றை என்று சொல்ல மாட்டேன். 'அவரை மலைக்கே கொண்டுபோயிருந்தால் மறைக்க ஒன்றும் இல்லையே, இவன் மறைப்பதிலிருந்தே தெரிகிறதே' என்று நீங்கள் கணக்குப் போடலாம். அதையும் யோசித்தேன். இரண்டாம் முடிவு நடந்திருந்தாலும் இதே இடத்தில்தான் நிறுத்தியிருப்பேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இதை வாசிக்கும் உங்கள் முகம் எனக்குத் தெரியாது. சுப்புத்தாய்க்கு நீங்கள் என்ன முறை என்றும் தெரியாது. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

ஒச்சப்பன் அதை நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டியதில்லை. மறுபடி கேட்காமல் இருந்தால் போதும்.