கொதிகஞ்சியில் முளைத்த ஆவாரை

அழகுமலையைப் போல ஒரு கூறுகெட்ட மனிதரைத் தலையில் கட்டியதற்காக அன்னக்கொடி பிறந்த வீட்டை மன்னித்ததே இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம் பசுமலைக்குக் குடிவந்த வீட்டில், கொல்லையில் வெயில் விழுவது ஒரே ஒரு பாத்தியில்தான். மல்லிகைப் பதியன் வைக்க அவள் ஆசையாகக் கொத்திப் போட்டிருந்தாள். அதில் பாதியை மடக்கி அவர் ஆவாரை விதையைத் தூவினார். பேரையூர்க் கரட்டில் ஆடுகூட வாய் வைக்காத செடி அது.

எல்லாம் அவருடைய ஆபீசர் வீட்டில் ஒட்டிக்கொண்ட வியாதி. அங்கே கரட்டுச் செடிகளை விதை போட்டு வளர்க்கிறார்களாம், இப்போது அதுதான் நாகரிகமாம். ஆபீசர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள் சும்மா இருப்பாரா? மாமனார் ஊரான பேரையூருக்குப் போனபோது புறம்போக்கில் குனிந்து குனிந்து காய்ந்த ஆவாரங்காயைப் பறித்து வேட்டி மடியில் கட்டினார். "ஒங்க மாப்ளைக்கு அம்புட்டுப் பஞ்சமா?" என்று ஊர்க்காரர்கள் அவளுடைய அப்பாவிடமே கேட்டுச் சிரித்தார்கள். அன்னக்கொடிக்கு மானம் போயிற்று.

சண்டை போட்டு ஒரு கெடு வாங்கினாள். ஆடிப்பெருக்குக்குள் முளைத்தால் மறுபாதியும் அவருக்கு. முளைக்காவிட்டால் முழுப் பாத்தியும் மல்லிகைக்கு. அழகுமலை காலையில் எழுந்ததும் பாத்தி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் போல மண்ணையே பார்ப்பார். தண்ணீர் தெளிப்பார். ஒன்றும் முளைக்கவில்லை. ஆபீசரைக் கூப்பிட்டுக் கட்டளை போடச் சொல்லலாமே என்று அவள் மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டாள்.

ஆனாலும் கெடு நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் பிடித்தது. ஒன்றிரண்டு தலைகாட்டினாலும் மல்லிகை போயிற்றே. ஒருநாள் அவர் ஆபீசுக்குப் போனதும், சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிப்போய் விதைத்த இடம் முழுக்க ஊற்றினாள். வெந்து சாகட்டும் என்று கறுவிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த இடம் பச்சென்று முளைத்து நின்றது.

அன்னக்கொடி ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தாள்; வெடித்த தோல் அதில் ஒட்டியிருந்தது. கல்லாக இறுகிக் கிடந்த விதைத்தோலைக் கொதிகஞ்சிதான் பிளந்திருக்கிறது என்று புரிந்தபோது, தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அது போதாதென்று பக்கத்து வீட்டு விக்டோரியா டீச்சர், அவள் கஞ்சி ஊற்றியதைப் பார்த்ததாக அழகுமலையிடம் சொல்லிவிட்டார்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாய்தான் திட்டுது. எனக்குத் தெரியாம கஞ்சி ஊத்தி வளத்திருக்கியே, அன்னம்" என்றார். தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சம்சாரத்தின் பாசத்தைச் சொல்லி மாய்ந்தார். கொல்லத்தான் ஊற்றினேன் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை மறுபாதியிலும் மிச்ச விதையைத் தூவினார். பெரிய மனது பண்ணி ஒரு சலுகையும் கொடுத்தார். "நீ ஊத்துனா முளைக்காம இருக்குமா? இது முளைக்கலேன்னா இந்தப் பாதியில மல்லி வச்சுக்க."

அன்னக்கொடி சோற்றை வடித்து, கஞ்சியை ஜன்னலோரம் வைத்தாள். மற்ற வேலைகளை முடித்துவிட்டு வந்து விரலை விட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. அதன் பிறகுதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவள் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவதை அழகுமலை பக்கத்திலேயே நின்று கண்குளிரப் பார்த்தார்.