மகள் அணிக்குப் போட்ட எண்

திஸா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ரொட்டிக் கடைகளைவிடப் பந்தயக் கடைகள்தான் அதிகம். அதில் ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, எந்த அணி ஜெயித்தால் நூறு தினாருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எண் போடுகிறவர் வுகாஷின். எண் சிறியதென்றால் அந்த அணிமேல் கடைக்கு நம்பிக்கை, பெரியதென்றால் இல்லை. இவ்வளவுதான் வித்தை. அதற்கு அவர் காட்டும் கம்பீரத்தைப் பார்த்தால் மாவட்ட நீதிபதி தோற்றுப்போவார்.

அவர் மகள் நெவேனா ஊர் ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். இரண்டு வருடத்துக்கு முன் கோப்பை இறுதிப் போட்டி வந்தது. பெல்கிராட் அணிக்கு நூற்று முப்பது, மகள் அணிக்கு முந்நூற்று ஐம்பது என்று போட்டார். நியாயமான எண்தான். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை மகள் பார்த்துவிட்டாள்.

"ஊரே என்னை நம்புது. நீங்க மட்டும் போர்டு எழுதி வெச்சு நம்பலைங்கறீங்க, இல்லப்பா?"

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அதோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது.

அன்றிலிருந்து வுகாஷின் ஒரு பிராயச்சித்தம் ஆரம்பித்தார். மகள் அணிக்கு எப்போதும் தகுதிக்கு மீறிச் சின்ன எண். எதிரணிக்குப் பெரிய எண். விவரம் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எதிரணிமேல் கட்டிக் கட்டி இறைச்சிக் கடை ஸ்டோயான்கா புதுக் குளிர்பெட்டியே வாங்கினாள். அதற்கு நெவேனா என்று பெயரும் வைத்தாள்.

அந்த வியாழக்கிழமையும் மகள் அணிக்கு நூற்று அறுபது போட்டுவிட்டு, காபியோடு சாய்ந்தார். முதலில் அணியின் பேருந்து ஓட்டுநர் வந்து எதிரணிமேல் கட்டினான். பிறகு அணியின் சட்டைகளைத் துவைக்கிறவள். பிறகு, பிறந்ததிலிருந்து பந்தயமே கட்டாத ஓர் அம்மாள் வந்து, சீட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டுவிட்டு, பெருந்தொகையாக எதிரணிமேலேயே கட்டினாள்.

ஒரே பக்கம் பணம் குவிந்தால் அந்தப் பக்க எண்ணைக் குறைத்து மறுபக்க எண்ணை ஏற்ற வேண்டும். வுகாஷின் அசையவில்லை. முதலாளி ராதிஷா உள்ளே வந்தான்.

"அண்ணே, மாத்துங்க. இது நம்மள வழக்கமா மேயுற கூட்டம் இல்ல. இவங்களுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"பொண்ணு பாசத்தை வீட்டோட வெச்சுக்கங்கண்ணே, என் கல்லாவுல வேணாம். இப்ப கட்டிட்டுப் போச்சே அந்தம்மா, அதோட மருமகன் யாரு?"

அணிக்கு மசாஜ் செய்கிறவன். வுகாஷினுக்குக் காபி கசந்தது. ஓட்டுநர், துணி துவைக்கிறவள், மசாஜ்காரன் வீடு. அணிக்குள் புழங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நெவேனா ஆடப்போவதில்லை. போன வருடம் வீங்கிய அதே முழங்காலாகத்தான் இருக்கும்.

கைபேசியை எடுத்தார், வைத்தார். பழகிய விரல் மனத்துக்கு முன்னால் ஓடியது. மகள் அணியின் எண்ணை இருநூற்று முப்பதாக மாற்றினார்.

சாயங்காலம் அவளுக்குப் பிடித்த செர்ரிப் பலகாரம் வாங்கிக்கொண்டு, அவளும் கணவனும் இருக்கும் குடியிருப்புக்குப் போனார். லிஃப்ட் வாசலிலேயே நின்றார். நாயோடு இறங்கிய பெண்மணி, நாயோடு திரும்பி ஏறும்போதும் அவர் அங்கேயேதான் நின்றார். சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருப்பாளே, கதவைத் திறக்கமாட்டாள் என்று தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொண்டு திரும்பினார். மறுநாள் ரொட்டிக் கடையில் அவர் லிஃப்ட் வாசலில் நின்றதுதான் பேச்சு. எங்கள் ஊரில் ஒரு தும்மல்கூட மூன்று தெரு தாண்டிவிடும்; இது மட்டும் நான்கு மாடி ஏறி நெவேனா காதுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனார். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில், காலில் பட்டையோடு, சாதாரண உடையில் நெவேனா. அணி தோற்றது. கூட்டம் கலைந்தபின் பக்கத்தில் போய் நின்றார்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"முடிஞ்சுது. இனிமே ஆடக்கூடாதுன்னுட்டாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் பட்டையைச் சரிசெய்துகொண்டே பேசினாள். "வாராவாரம் நீங்க போடுற எண்ணைப் பார்ப்பேன்பா. தப்புன்னு எனக்கும் தெரியும். அதைப் பார்த்துட்டுத்தான் ஆட இறங்குவேன். வியாழக்கிழமை இருநூத்தி முப்பதுன்னு வந்துச்சு. சரி, அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, வருவாருன்னு காபி வெச்சேன். ரெண்டு தடவை சூடு பண்ணேன்."

லிஃப்ட்டைச் சொல்லலாம், பலகாரத்தைச் சொல்லலாம் என்று நினைத்தார். ஆனால் செய்தி தெரிந்ததும் தன் கை முதலில் எங்கே போனது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கணவன் அவளுடைய ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு வந்தான். வுகாஷின் வழிவிட்டு ஒதுங்கினார்.

அந்த மாதமே அவர்கள் அவன் ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஊர் அணிக்கு முந்நூற்றுப் பத்து என்று போட்டார் வுகாஷின். குறை சொல்ல முடியாத எண். ஸ்டோயான்கா கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தாள், கட்டாமலே போய்விட்டாள்.